வெளிநாட்டு மேற்படிப்பும் உபகாரச் சம்பளங்களும்

பட்டப் படிப்பை முடித்த மகனோ மகளோ, மேற்படிப்புக்கு அயல்நாடு போக விரும்புவதாகச் சொல்லும் நாள், புனே நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது வந்துகொண்டிருக்கிறது. கோர்ப்படியிலும் கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் இந்தப் பேச்சுக் கேளாத தெரு இல்லை. கேட்ட மாத்திரத்தில் தகப்பனார் முதலில் எடுத்துப் பார்ப்பது சேமநிதிக் கணக்கை. இரண்டாவதாக நினைத்துப் பார்ப்பது ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தை. தாயார் தம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

வங்கிகளின் பொதுவான விதிப்படி நாலு லட்சம் ரூபாய் வரையில் ஈடு எதுவுமின்றியும், அதற்கு மேல் ஏழரை லட்சம் வரையில் மூன்றாம் மனிதர் ஒருவருடைய ஜாமீனின் பேரிலும் கல்விக் கடன் கிடைக்கும். அதற்கும் மேற்பட்டால் சொத்து ஈடு கேட்பார்கள். லண்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு வருஷம் படித்துச் சாப்பிட ஏழரை லட்சம் எந்த மூலைக்கு? ரயில்வே குவார்ட்டர்ஸிலும் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலும் முப்பது வருஷ காலம் குடியிருந்தவருக்கு, இந்த நகரத்தில் ஈடு காட்ட ஒரு சுவர்கூடக் கிடையாது. ஊர் வீடோ சகோதரர்களின் பாகத்தில் பிரியாமல் நிற்கிறது. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டுவதில்லை என்று வங்கியில் சொல்வது மெய்யே. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது என்பதைப் பலர் முதல் தவணைக் கடிதம் வந்த பிறகே உணர்கிறார்கள்.

ஆகையால், கடனுக்கு மனுப் போடுவதற்கு முன்பு வேறொரு வழி உண்டு என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம். அதுதான் முழு உபகாரச் சம்பளம். கட்டணம், மாதப் படி, போக வர விமானச் செலவு, வைத்திய இன்ஷியூரன்ஸ் ஆகிய எல்லாவற்றையும் கொடுப்பவரே ஏற்றுக்கொண்டால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். அயல்நாட்டுக் கல்லூரிகள் பல, கட்டணத்தில் ஒரு சிறு பகுதியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு அதற்கும் 'ஸ்காலர்ஷிப்' என்று பெயரிட்டு விளம்பரம் செய்கின்றன. அது ஆடித் தள்ளுபடியைச் சேர்ந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

இந்தப் புனேக்கே பிற தேசத்து மாணவர்கள் உபகாரச் சம்பளம் பெற்று வந்து படிக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் கவனித்திருக்கலாம். பெர்குஸன் கல்லூரிச் சாலையில் ஒரு மாலைப் பொழுது நடந்தால் ஆப்கானிய முகங்களையும் ஆப்பிரிக்க முகங்களையும், சிற்சில சமயம் மத்திய ஆசிய முகங்களையும் காணலாம். மௌலானா ஆசாத் அவர்கள் 1950-இல் தொடங்கி வைத்த இந்தியக் கலாசார உறவுக் கழகம் இத்தகைய மாணவர்களுக்குக் கட்டணமும் மாதப் படியும் வீட்டு வாடகையும் அளித்து வருகிறது. பெர்குஸன் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்த எஸ். பி. முஜும்தார் அவர்கள், நோய்வாய்ப்பட்டுத் தனியே கிடந்த ஓர் அயல்நாட்டு மாணவரைக் கண்டு மனமிரங்கி, 1971-இல் சிம்பயோசிஸ் ஸ்தாபனத்தை நிறுவிய வரலாறும் இவ்வூர்க்காரர்கள் அறிந்ததே. வந்தவர்களுக்கு இடம் கொடுத்துப் பழகிய ஊர் இது.

அந்த மத்திய ஆசிய நாடுகள் தங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் முறை நமக்குப் பல வகையில் பாடமாக இருக்கிறது. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தாஜிகிஸ்தான், துர்க்மேனிஸ்தான் ஆகிய ஐந்தும் 1991-இல் சோவியத் ஐக்கியம் கலைந்தபோது தனி நாடுகளாயின. கஜகஸ்தான் சுதந்திரம் பெற்று இரண்டு வருஷம் ஆவதற்குள்ளாகவே, 1993 நவம்பரில், 'பொலாஷக்' என்ற உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தியது. அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் எதிர்காலம் என்று பொருள். நாணயமே நிலைப்படாத காலம் அது; ரொட்டிக்கு வரிசை நின்ற காலம். அந்த நேரத்திலும் இளைஞர்களை உலகத்தின் சிறந்த சர்வகலாசாலைகளுக்குச் சர்க்கார் செலவில் அனுப்ப வேண்டும் என்று ஒரு தேசத்துக்குத் தோன்றியது பெரிய விஷயம். 2011 முதல் இளநிலைப் பட்டத்துக்குக் கொடுப்பதை நிறுத்தி, முதுநிலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் கொடுக்கிறார்கள். உஸ்பெகிஸ்தானும் 2018-இல் இதைப் போன்ற ஒரு நிதியை அமைத்துக்கொண்டது.

ஆனால் பொலாஷக் இனாம் அன்று. படித்து முடித்தவர் தாய்நாடு திரும்பிப் பொதுவாக ஐந்து வருஷம் உழைக்க வேண்டும். தலைநகரை விட்டு மாகாணங்களுக்குப் போனால் அது மூன்று வருஷமாகக் குறையும். திரும்பாமல் போனால் செலவழித்த பணத்தை வசூலிக்கும் பொருட்டு, புறப்படும் முன்பே குடும்பத்தின் வீடு நிலத்தை ஈடாகவோ, உற்றார் உறவினரின் ஜாமீனையோ எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. வீடு இல்லாதவன் மகன் என்ன செய்வான் என்ற கேள்வி அல்மாட்டியிலும் கோர்ப்படியிலும் ஒன்றுதான் போலும்.

நிபந்தனையோடு கொடுப்பது புதிய பழக்கமும் அன்று. நம் தேசத்தில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் டாக்டர் அம்பேத்கர். பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் 1913-இல் அவருக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் அளித்தார். நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் படித்துத் திரும்பியதும் பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் ஊழியம் செய்வதாக அவர் எழுதிக் கொடுத்தார். 1915-இல் எம். ஏ. பட்டம் பெற்றார். 1916-இல் லண்டனுக்குப் போய்ப் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். மறு வருஷமே உபகாரச் சம்பளத்தின் தவணை முடிந்துவிட்டது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917-இல் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனவருக்கு, தங்க ஓர் அறை கொடுக்க அந்த ஊரில் ஆளில்லை. ஒரு பார்ஸி விடுதியிலிருந்து அவரை வெளியேற்றியதும் அந்த நாட்களில்தான். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாஹு மகாராஜாவின் உதவியும், நவல் பத்தேனா என்ற பார்ஸி நண்பர் கொடுத்த கடனும் சேர்த்து, 1920-இல் மறுபடி லண்டன் போனார். 1923-இல் டி. எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. சமஸ்தானத்துப் பணம், சொந்தச் சேமிப்பு, நண்பரிடம் கைமாற்று என்ற மூன்றும் கூடித்தான் அந்தப் படிப்பு நிறைவேறிற்று. முழு உபகாரச் சம்பளம் என்றாலும் அதன் காலவரையறையைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

நம் தமிழ் நாட்டுக் கதைகள் இரண்டையும் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்ரீநிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதை, குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளத்தை ஆங்கிலத்தில் தேறாமையால் இழந்தவர் அவர். அதே மனிதருக்கு 1914-இல் சென்னை சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் கொடுத்துக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. அதில் 50 பவுன் கும்பகோணத்திலிருந்த குடும்பத்தின் ஜீவனத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. இந்த ஏற்பாடு என் மனத்தை மிகவும் கவர்ந்தது. சம்பாதிக்கிற பிள்ளை படிக்கப் போய்விட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் யோசித்துக் கொடுத்த பணம் அது. இக்காலத்துத் திட்டங்களில் மாணவரின் செலவுக்கு அணாப் பைசாக் கணக்கு உண்டு. அவரை நம்பியிருந்த தாய் தகப்பனாருக்கு ஒன்றும் கிடையாது.

மற்றொருவர் எஸ். சந்திரசேகர். இவருடைய தகப்பனார் ரயில்வே கணக்கு இலாகாவில் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர். அதனால்தான் நோபல் பரிசு பெற்ற அந்தத் தமிழர் 1910-இல் லாகூரில் பிறந்தார். ரயில்வேக் குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே பிறப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்! சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்ததும் இந்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம் பெற்று, 1930 ஜூலை மாத முடிவில் பம்பாயில் கப்பலேறினார். நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கை அந்தக் கப்பலிலேயே போட்டார் என்பது உலகறிந்த செய்தி. வீட்டில் தாயார் அப்பொழுது நோயுற்றிருந்தார் என்பதும், மறு வருஷம் மகன் கேம்பிரிட்ஜில் இருக்கும்போதே அவர் காலமானார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எந்த உபகாரச் சம்பளப் பத்திரத்திலும் இந்தச் செலவுக்குக் கட்டம் இல்லை.

புனேயின் பெயரைச் சொல்ல ஆர். பி. பராஞ்சபே இருக்கிறார். பெர்குஸன் கல்லூரி மாணவரான இவர் சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் சென்று, 1899-இல் கணிதப் பரீட்சையில் முதல் ஸ்தானத்தைப் பங்கிட்டுக்கொண்டார். பெரிய உத்தியோகங்கள் காத்திருந்தும், கொடுத்த வாக்குப்படி திரும்பி வந்து பெர்குஸன் கல்லூரியிலேயே ஆசிரியராகி, 1902-இல் அதன் தலைவரும் ஆனார்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம்.

நம் நாட்டில் மிகப் பழமையானது ஜே. என். டாட்டா நிதி. ஜம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் நிறுவியது. பெயரில் உபகாரச் சம்பளம் என்றிருந்தாலும் இது கடன் வகையைச் சேர்ந்தது. திருப்பிச் செலுத்த வேண்டும். முழுச் செலவுக்கும் இது போதாது. எனினும் வீட்டுப் பத்திரம் கேளாமல், படிப்பையும் ஆளையும் பார்த்துக் கொடுக்கும் பணம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பிற்காலத்தில் ஜனாதிபதியான கே. ஆர். நாராயணன் இந்த உதவியுடன்தான் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குப் போனார். புனேயில் 1988-இல் தொடங்கிய வானியல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரும், 2025 மே மாதத்தில் இந்த நகரத்திலேயே மறைந்தவருமான ஜயந்த் நார்லிகர் 1957-இல் கேம்பிரிட்ஜ் சென்றதும் டாட்டா மாணவராகவே.

பிரிட்டிஷ் சர்க்கார் தருபவற்றில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். 1959-இல் ஏற்பாடான காமன்வெல்த் உபகாரச் சம்பளம் ஒன்று. கட்டணம், பிரயாணம், மாதப் படி மூன்றும் அடங்கியது. நம் நாட்டு மாணவருக்கு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் சிபாரிசும் இதற்கு ஒரு முக்கிய வழி. மற்றொன்று 1983-இல் தொடங்கிய செவனிங். இது ஒரு வருஷ முதுநிலைப் படிப்புக்கு. இதற்கு மனுச் செய்கிறவர் சுமார் இரண்டு வருஷம், மணிக் கணக்கில் 2,800 மணி, வேலை பார்த்திருக்க வேண்டும். படித்து முடித்ததும் இரண்டு வருஷமாவது தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கல்லூரி முடித்த கையோடு மனுப் போட்டு ஏமாறுகிறவர்கள் இதைக் கவனிக்க. வீட்டு நிலைமையை முன்னிட்டு இரண்டு மூன்று வருஷம் வேலைக்குப் போன பிள்ளைகள், தாங்கள் காலத்தை வீணாக்கிவிட்டதாக வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். இவர்களுக்கு அந்த வருஷங்களே தகுதியாக மாறுகின்றன. அமெரிக்காவுக்குரிய புல்பிரைட் உதவியும் அப்படியே. 1950-இல் இரு சர்க்கார்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்து, 2008 முதல் நேருவின் பெயரையும் சேர்த்துக்கொண்ட இதன் முதுநிலைப் பிரிவு மூன்று வருஷ வேலை அனுபவம் கேட்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் 2004 முதல் நடந்து வருகிறது. எனக்குத் தெரிந்தவரை, வேலை அனுபவம் இல்லாத இளைஞர்களுக்கு இதுவே சிறந்தது. இரண்டு நாடுகளிலாவது மாறி மாறிப் படிக்க வேண்டிய முதுநிலைப் படிப்பு, கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிரயாணத்தையும் விசாவையும் அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பியே ஆக வேண்டும் என்ற கட்டு இல்லை. மேலே சொன்ன மத்திய ஆசிய நாடுகளுக்கென்று இதில் தனியாக நிதி ஒதுக்குகிறார்கள். ஆசியாவின் மற்ற நாடுகளுக்கும் வேறொரு பங்கு உண்டு. கொடுப்பவர்கள் அன்பினால் மட்டும் கொடுப்பதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. எந்தப் பிரதேசத்தில் தங்களுக்கு நண்பர்கள் வேண்டுமென்று கருதுகிறார்களோ அந்தப் பிரதேசத்துக்குப் பணம் பாய்கிறது. நம் பிள்ளைகள் அதைப் பற்றிக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாய்க்கால் எங்கே வெட்டப்பட்டிருக்கிறதோ அங்கே பாத்தி கட்டுவதுதான் விவேகம்.

ஜெர்மனியின் நிலை வேறு. அங்கே சர்க்கார் சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில் கட்டணமே இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாகாணத்தில் 2017 முதல் வெளிநாட்டவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். கட்டணம் இல்லை என்ற பேச்சைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், ஒரு வருஷ ஜீவனத்துக்கான பணத்தை முன்கூட்டியே பூட்டுக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும் என்றதும் திகைக்கிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. இந்தச் சுவரைத் தாண்டுவதற்கு டாட் என்று வழங்கும் ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற ஸ்தாபனத்தின் உபகாரச் சம்பளம் உதவும். வளர்ச்சி பற்றிய முதுநிலைப் படிப்புகளுக்கு அவர்கள் கொடுப்பதற்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மன் மொழி கற்க விரும்புவோருக்கு மாக்ஸ் முல்லர் பவன் இந்நகரத்திலேயே இருப்பது புனேவாசிகளின் அதிருஷ்டம். ஜப்பான் சர்க்காரின் உதவி 35 வயதுக்குட்பட்ட ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தூதரகத்தின் வழியே கிடைக்கிறது. கட்டணமும் விமானச் செலவும் மாதப் படியும் சேர்ந்தது.

இதுவரையில் சொன்னவை எந்த மாகாணத்து மாணவருக்கும் பொது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலை இனி விளக்க வேண்டும். இந்தக் கட்டுரை எழுத முக்கிய காரணமும் அதுதான்.

தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கென்று இரண்டு பெரிய திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, மத்திய சர்க்கார் 1954-55-இல் தொடங்கிய தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளம். இப்பொழுது வருஷத்துக்கு 125 இடங்கள். வயது 35-க்குள், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், பரீட்சையில் நூற்றுக்கு அறுபது மார்க்கு, சேரும் சர்வகலாசாலை உலக வரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும். மற்றொன்று, மகாராஷ்டிர சர்க்காரின் ராஜரிஷி சாஹு மகாராஜ் உபகாரச் சம்பளம். அம்பேத்கருக்கு உதவிய அதே சாஹு மகாராஜாவின் பெயரால் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் நவபௌத்தருக்கும் 75 இடங்கள். இதை நடத்தும் சமூக நலக் கமிஷனர் காரியாலயம் புனே காம்பில் சர்ச் சாலையில் இருக்கிறது. நம் வீடுகளிலிருந்து நடந்தே போகலாம்.

போகலாம், ஆனால் உள்ளே நுழைய முடியுமா என்பதே கேள்வி. தாழ்த்தப்பட்ட வகுப்புகளின் பட்டியல் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. ஜனாதிபதியின் முதல் உத்தரவு பிறந்த 1950 ஆகஸ்டு 10-ஆம் தேதிக்கு முன்பே மகாராஷ்டிரப் பகுதியில் குடியேறிய குடும்பம் என்று பத்திரம் காட்டாவிட்டால், தமிழ் நாட்டு ஆதிதிராவிடர் குடும்பத்துக் குழந்தை இங்கே பிறந்திருந்தாலும், மராத்தியிலேயே படித்திருந்தாலும், மாகாண சர்க்காரின் சலுகைக்கு உரியதாகாது. 1990-இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பான ஒரு வழக்கு இதை உறுதிப்படுத்தியது. ஆந்திரத்தில் பழங்குடியாகக் கருதப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவர், தகப்பனாரின் உத்தியோகத்தினால் சிறு வயதிலேயே பம்பாய்க்கு வந்து படித்தவர். பம்பாய் வைத்தியக் கல்லூரியில் ஒதுக்கப்பட்ட இடம் கேட்டார். ஒரு மாகாணத்தில் பட்டியலில் இருப்பதனால் மற்றொரு மாகாணத்தில் அந்த உரிமை தானே தொடராது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டத்தின் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஒவ்வொரு பிரதேசத்திலும் தாழ்த்தப்பட்ட நிலை வேறு வேறு காரணத்தால் வருவது என்பார்கள். ஆனால் கிர்க்கித் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது எந்தச் சேரியிலிருந்து அழைத்து வந்தார்களோ, அந்தச் சேரியின் நிழல் ரயிலில் கூடவே வந்தது என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

இதற்குப் பொருள் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது என்பதன்று. மத்திய சர்க்காரின் திட்டத்துக்குத் தகப்பனாருடைய சொந்த மாகாணத்துச் சான்றிதழ் செல்லும். குடிபெயர்ந்து வந்தவரின் பிள்ளைக்கு, தகப்பனாரின் மூலச் சான்றிதழைப் பார்த்து இவ்வூர் அதிகாரியே ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று மத்திய சர்க்காரின் உத்தரவும் உண்டு. அது மத்தியச் சலுகைகளுக்கு உதவும். ஆகவே தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத்துக்கு நம் பிள்ளைகள் தாராளமாக மனுச் செய்யலாம். தகப்பனாரின் மூலச் சான்றிதழ் வேலூரிலோ திருநெல்வேலியிலோ வாங்கியது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. அதைத் தொலைத்தவர்கள் தாலுகா காரியாலயத்துக்கு அலையும் காலம், மனுவின் கடைசித் தேதியை விழுங்கிவிடும். தமிழ் நாட்டு சர்க்காரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் அயல்நாட்டுப் படிப்புக்கு உதவி வைத்திருக்கிறது. அதற்குத் தமிழ் நாட்டைப் பூர்விகமாகக் கொண்டவர் என்று காட்ட வேண்டும். இங்கே வெளியூரார், அங்கே வெளி மாகாணத்தார் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிடாதபடி பத்திரங்களைத் தேடி வைப்பது பெற்றோர் கடமை.

மத்தியத் திட்டத்தைப் பற்றி இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் விதிகளைத் திருத்தி, இந்தியக் கலாசாரம், சரித்திரம், சமூகம் பற்றிய பாடங்களை வெளிநாட்டில் படிக்க இந்தப் பணம் கிடையாது என்றார்கள். ஜாதியின் வரலாற்றை ஜாதியால் அடிபட்டவனின் மகன் உலகத்தின் சிறந்த நூல்நிலையங்களில் உட்கார்ந்து ஆராயக் கூடாதா? கொலம்பியாவில் அம்பேத்கர் செய்த முதல் வேலைகளில் ஒன்று அதுதானே. இரண்டாவது, 2025-26-ஆம் வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்த 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் தற்காலிக உத்தரவு கொடுத்து, மற்றவர்களுக்கு நிதியைப் பொறுத்துத் தரப்படும் என்றார்கள். சர்வகலாசாலையில் இடம் பெற்று, நாளெண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளின் நிலை எப்படி இருந்திருக்கும்! எனவே ஒரே திட்டத்தை நம்பாமல் மூன்று நான்குக்கு மனுச் செய்வதும், கிடைத்த இடத்தை ஒரு வருஷம் தள்ளி வைக்க முடியுமா என்று சர்வகலாசாலையை முன்பே கேட்டு வைத்துக்கொள்வதும் உசிதம்.

மனு எழுதும் விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தாலும் பல மனுக்களின் நகல்களைப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. சிறு வயது முதலே விஞ்ஞானத்தில் ஆர்வம் என்று தொடங்கும் மனு எல்லாரிடமும் இருக்கிறது. என்ன படிக்கப் போகிறோம், ஏன் அந்தச் சர்வகலாசாலையில், திரும்பி வந்து எந்த வேலையைச் செய்யப் போகிறோம் என்று இடம் பொருள் சொல்லி எழுதியவர்களுடையது தனியாகத் தெரிகிறது. சிபாரிசுக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி அலைவதைவிட, பிள்ளையை நன்கு அறிந்த ஆசிரியர் எழுதுவதே பலன் தரும். முழு உபகாரச் சம்பளம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜண்டுகளின் படி ஏறவே வேண்டாம். மேலே சொன்ன சர்க்கார் திட்டங்களில் எதற்கும் மனுவோடு பணம் கட்ட வேண்டியதில்லை.

தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். செவனிங் மனு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. எராஸ்முஸ் முண்டுஸ் படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை. புல்பிரைட் ஆண்டின் முற்பகுதியில். ஆக, படிப்புத் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே வேலையை ஆரம்பித்தாக வேண்டும்.

கடைசியாக, பெயர் விஷயம். நம்மவர் குழந்தைக்கு முருகேசன் என்று பெயரிட்டு, தகப்பனாரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். மகாராஷ்டிரப் பள்ளிகளிலோ குடும்பப் பெயர் முதலில், பிள்ளையின் பெயர் அடுத்து, தகப்பனார் பெயர் மூன்றாவது என்பது முறை. குடும்பப் பெயர் இல்லாத நம் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் தாத்தாவின் பெயரையோ ஊர்ப் பெயரையோ போட்டு நிரப்பிவிடுகிறார். ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம், சர்வகலாசாலை மார்க்குப் பட்டியலில் வேறொரு விதம் என்று மூன்று ஆள் ஆகிவிடுகிறது. வெளிநாட்டு அதிகாரிக்கு இவை மூன்றும் ஒரே பிள்ளை என்று விளங்க வைப்பது எளிதன்று. இதைத் திருத்த மகாராஷ்டிர அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதைக் காட்டிப் பாஸ்போர்ட்டையும் மற்றவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். வாரக் கணக்கில் ஆகும் வேலை. பிள்ளை கல்லூரியின் இரண்டாம் வருஷத்தில் இருக்கும்போதே முடித்து வைத்துவிட்டால் பிறகு அவசரப்பட வேண்டியதில்லை.